கான்சாரிலிருந்து வந்த பனிச்சீட்டு

ஸ்பிரிங்வேல், மெல்பேர்ண்
6.2.1977, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் வரதனுக்கு,

நீ அங்கே காதைப் போர்த்திக்கொண்டு சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில், நாங்கள் இங்கே யன்னல் திரைகளை இழுத்துவிட்டு வெயிலை வெளியில் நிறுத்திச் சுகமாக இருக்கிறோம். முருகன் இரண்டு பக்கத்தையும் பார்த்துக்கொள்ளட்டும். இது அம்மாவின் கடிதம், எழுதுவது தங்கச்சி மணி. நேற்று வடைச் சட்டியிலிருந்து எண்ணெய் தெறித்து அம்மாவின் வலது கையில் இரண்டு விரலுக்குத் துணி சுற்றியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. நடந்ததெல்லாம் உனக்குத்தான் தெரியும் மணி, உன்ரை பாட்டுக்கு எழுது பிள்ளை, நான் இடைக்கிடை சொல்லுறன் என்று அம்மா குசினிக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறார். ஆகையால் அண்ணா, இதில் புத்திமதி வருகிற இடமெல்லாம் அம்மா, மற்றதெல்லாம் நான்.

கான்சாரிலிருந்து உன் கடிதம் வந்த அன்று, உறையின் ஒரு மூலை மட்டும் நனைந்து காய்ந்து நெளிந்திருந்ததை நான்தான் முதலில் கண்டேன். போன மாதம் பதினெட்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை, வெயில் நாற்பதைத் தொட்ட நாள். ஸ்பிரிங்வேலில் மூன்று கிழமையாக ஒரு துளி மழை இல்லை. அம்மா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதென்னடி, கடிதத்துக்கும் வேர்க்குதோ என்று கேட்டார். உள்ளே உன் கடிதம் நன்றாக இருந்தது. அதற்குள் மடித்திருந்த இன்னொரு கடதாசியில்தான் மை கரைந்து நீலமாக ஓடியிருந்தது. அம்மா அதை விரித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, இது பார்சி எழுத்து, பாரசீகம், உன்ரை ஆக்களின்ரை, நீயே வாசி என்று என்னிடம் தந்தார். முதல் வரியிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பனி எங்களுடையது, விருந்து உங்களுடையது என்று எழுதியிருந்தார் நீ வாடகைக்கு இருக்கிற வீட்டின் சொந்தக்காரி, கானும் என்று அந்த ஊர் மரியாதைப்படி நாங்கள் கூப்பிடுகிற மஹீன் கானும். மடிப்புக்குள் ஒரு சிட்டிகை பனியை வைத்துத்தான் உன்னிடம் தந்திருக்கிறார், நீ பிரித்துப் பார்க்காமல் உறைக்குள் போட்டு ஒட்டியிருக்கிறாய். இரண்டரைக் கிழமைப் பயணத்துக்குப் பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தது அதன் கறை மட்டும். ஆனாலும் கையில் வாங்கியாயிற்று. அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. திரும்பவும் நான்தானே அம்பிட்டன் என்று நெற்றியில் கையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

இந்த வழக்கம் உனக்குப் பாதிதான் தெரியும், அப்பாவுக்கும் உனக்கும் அந்தப் பாரசீக மலைரோட்டு வேலை கிடைத்து நாங்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்திலிருந்து கான்சாருக்குப் போன முதல் பனி மாரியில் நீ சுரங்கப்பாதை முகாமிலேயே கிடந்தாய், ஆகையால் முழுக்க எழுது என்று அம்மா சொல்கிறார். கான்சாரில் வருடத்தின் முதல் பனி விழுந்ததும் ஒரு வீட்டார் இந்த ஒரு வரியைச் சீட்டில் எழுதி, ஒரு பாத்திரத்துக்குள் ஒளித்து இன்னொரு வீட்டுக்கு அனுப்புவார்கள். அவர்கள் தெரியாமல் கையில் வாங்கினால் கொண்டுவந்தவர் எடுப்பார் ஓட்டம். ஓடித் தப்பிவிட்டால் வாங்கியவர் விருந்து கொடுக்க வேண்டும். துரத்திப் பிடித்துவிட்டால் கொண்டுவந்தவரின் முகத்தில் கரி பூசிவிட்டு, அனுப்பிய வீட்டில் போய் விருந்து சாப்பிடலாம். அந்த முறை மஹீன் கானும் எங்கள் வாசலுக்கு அனுப்பியது ரொட்டிக்கடைக்காரரின் மனைவி சொக்ரா கானுமை. அவர் எவ்வளவு பருமன் என்று உனக்குத் தெரியும். அக்ரூட் பருப்புக் கிண்ணத்தை அம்மா வாங்கினார், அவர் திரும்பி ஓடினார், இரண்டாவது அடியிலேயே உறைபனியில் கால் வழுக்கியது. அம்மா பாய்ந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, கோர்சிக்குள், அதுதான் அடியில் தணல் வைத்து மேலே பெரிய போர்வை விரித்த அந்தக் குட்டை மேசைக்குள், அவரது காலை நீட்டி இருத்தி, முழங்காலுக்கு நல்லெண்ணெய் தடவி, தேத்தண்ணீரும் கொடுத்து அனுப்பினார். அதற்குப் பிறகுதான் வழக்கு. அம்மா பிடித்துவிட்டார், ஆகையால் விருந்து மஹீன் வீட்டில் என்று ஒழுங்கையில் பாதிப்பேர். விழப்போனவரைத் தாங்கினால் அது பிடித்ததாகாது, தேத்தண்ணீர் குடித்தவர் விருந்தாளி, விருந்தாளிக்கு யாராவது கரி பூசுவார்களா என்று மற்றப் பாதிப்பேர். தட்டைக் கூரைகளில் நின்று மரச் சவளால் பனியைத் தள்ளிக்கொண்டே மூன்று நாள் கூரைக்குக் கூரை கத்தினார்கள். நாலாம் நாள் மஹீன் கானுமின் கணவர் ரஹ்மத் ஆகா, தேனீப் பெட்டிகளுக்குச் சாக்குப் போர்த்திக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமலே தீர்ப்புச் சொன்னார். விருந்து யாழ்ப்பாணத்து அம்மா வீட்டில், சமைப்பது மஹீன், சாப்பிடுவது சொக்ரா. அதை இப்போது எழுதும்போதும் அம்மா சிரிக்கிறார், கையை ஆட்டாமல் சிரியுங்கோ என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

சிரித்துக்கொண்டே நான் அடுத்த வரிகளுக்குப் போனேன். அங்கே சிரிப்பு இல்லை. மகள் நஸ்ரீனிடமிருந்து புரட்டாதிக்குப் பிறகு ஒரு கடிதமும் வரவில்லை என்று மஹீன் கானும் எழுதியிருந்தார். நீங்கள் எனக்குத் தரவேண்டிய விருந்தை உங்கள் ஊரிலேயே கொடுங்கள், என் இடத்தில் என் மகளை இருத்துங்கள், அவள் சாப்பிட்டாள் என்று ஒரு வரி வந்தால் எனக்குப் போதும். அவர்களுடைய புது வருடத்துக்குள், பங்குனி (மார்ச்) இருபத்தொன்றுக்குள், மகளிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் ரஹ்மத் ஆகா விமானம் ஏறி வந்து அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போவதாகக் குர்ஆனில் கைவைத்துச் சொல்லிவிட்டாராம். நீயும் உன் கடிதத்தில் அதையே எழுதியிருந்தாய். அவர் சொன்னால் அக்ரூட் தோட்டத்தை விற்றாவது செய்வார் என்று எங்களுக்குத் தெரியும். நீ அந்த ரோட்டு வேலையிலேயே நிற்க, நாங்கள் மெல்பேர்ணுக்கு வந்த அதே வருடம் ஆவணியில் நஸ்ரீனும் தாதிப் படிப்புக்கு இங்கே வந்தவள். முதல் வருடம் மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது எங்கள் வீட்டுக்கு வருவாள், அம்மாவின் புளிக்குழம்பைச் சோறில்லாமலே குடிப்பாள். பிறகு வரவில்லை. படிப்புக் கூடிவிட்டதாக்கும் என்று அப்பா சொன்னார். படிச்ச பிள்ளையளுக்கு எங்கடை நினைப்பு வருமோ என்று அம்மா சொன்னார். அதை எழுதாதே என்று அம்மா இப்போது சொல்கிறார், ஆனால் நடந்ததை எழுதச் சொன்னதும் அவர்தானே.

அப்பா மறுநாள் தான் வேலை செய்கிற கந்தோரிலிருந்து தாதிப் பள்ளிக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டார். அவள் புரட்டாதியிலேயே விட்டுப் போய்விட்டாள் என்றார்கள். முன்பு அவள் இருந்த வீட்டுக்காரி ஃபுட்ஸ்கிறேயில் ஒரு முகவரி தந்தாளாம். அப்பா பின்னேரம் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே அம்மாவிடம் சொன்னார். உடனே வரதனுக்குத் தந்தி அடிப்பம், தகப்பன் தாய்க்கு மறைக்கக் கூடாது என்றார். அவளின்ரை முகத்தைப் பாக்காமல் அவளைப் பற்றி ஒரு சொல்லும் அந்த வீட்டுக்குப் போகக் கூடாது என்று அம்மா மறித்தார். அப்படியென்றால் சனிக்கிழமை நானே போய்க் கேட்கிறேன் என்றார் அப்பா. நீங்கள் கழுத்துப்பட்டியும் கட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்ட, அவள் பொலிஸ் எண்டு நினைச்சுப் பின் கதவாலை ஓடட்டும் என்றார் அம்மா. பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணா, நான் தனியாக ரயில் ஏறினதே இல்லை. கடையில் கோதுமை மாக் கேட்கவே எனக்கு வாய் வராது, விரலால் காட்டித்தான் வாங்குவேன். ஏன் வீட்டுக்கு எழுதவில்லை என்று ஒருத்தியை எப்படிக் கேட்பது, அதுவும் நஸ்ரீனை. நான் பள்ளிக்கூடம் இல்லாமல் கான்சாரில் வீட்டோடு கிடந்த இரண்டு மாரியும் கோர்சிக்குள் பக்கத்தில் இருந்து எனக்கு அவர்களுடைய எழுத்தைக் காட்டித் தந்தவள் அவள். அவள் ஏன் எழுதாமல் விட்டாள் என்று நான் கேட்பதா. நான் மெல்ல நழுவப் பார்க்க, அம்மா சொன்னார், ஒண்டும் கேக்க வேண்டாம் மணி. பனியைக் குடுத்திட்டு ஓடி வா.

எந்தப் பனி என்று அப்பா கேட்டார். அம்மா எழும்பிப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தார். மேல்பெட்டியில் ஒரு அங்குலத்துக்கு வெள்ளையாகப் பூத்திருந்தது. அதைத் துப்புரவாக்கச் சொல்லி அப்பா மூன்று மாதமாகப் புறுபுறுத்துக்கொண்டிருந்தார். பாத்தியளோ, நான் சும்மா விடேல்லை, இதுக்காகத்தான் வைச்சிருந்தனான் என்றார் அம்மா. சனிக்கிழமை காலையில் அகப்பைக் காம்பால் சுரண்டி, அப்பா தேத்தண்ணீர் கொண்டுபோகிற சுடுதண்ணீர்ப் போத்தல் நிறைய அடைத்து, என் கையில் தந்தார். உண்மையான பனியைவிட அது கொஞ்சம் மீன் மணம் மணத்தது. ரயில் நிலையத்தில் சொல்ல வேண்டிய வசனத்தைப் பத்துத் தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன், ரிக்கற் கொடுக்கிறவர் நான் வாயைத் திறக்க முன்பே எங்கே, ஃபுட்ஸ்கிறேயா என்று கேட்டார், எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோரும் அங்கேதான் கேட்டிருப்பார்கள் போல. ஃபிளின்டர்ஸ் தெரு நிலையத்தில் மாறி ஏறினேன். போத்தலை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு முழுவழியும் மூடியைத் திறந்து திறந்து பார்த்தேன், பக்கத்தில் இருந்த கிழவர் எழும்பி வேறு இடத்தில் போய் இருந்தார்.

ஒரு பழக்கடைக்கு மேலே அந்த முகவரி. கதவைத் திறந்தவள் நஸ்ரீன்தான், ஆனால் தலைமயிரைக் காதளவுக்கு வெட்டியிருந்தாள், விரல் நுனியெல்லாம் நீலம். கான்சாரில் அக்ரூட் உரிக்கிற காலத்தில் ஊரில் ஒருவர் விடாமல் கை கறுத்திருக்கும், மணப்பெண்ணின் கைகூட. இது அந்தக் கறுப்பு இல்லை. என்னைக் கண்டதும் அவளுடைய முகம் வெளிறிவிட்டது. அம்மாவுக்கு ஏதுமா, அப்பாவுக்கா என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வியை நான் யோசித்திருக்கவில்லை. இல்லை, இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டு அவசர அவசரமாகப் போத்தலைத் திறந்து, அவளுடைய கையைப் பிடித்து விரித்து, இருந்ததை அப்படியே கவிழ்த்தேன். பாதி தண்ணீர், பாதி பனி. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பனி உங்களுடையது, என்று தொடங்கினாள். அவள் முடிப்பதற்குள் நான் ஓடினேன்.

படியால் இறங்கி ரோட்டுக்கு வந்துவிட்டேன். பின்னால் அவள் வெறுங்காலோடு வருகிற சத்தம் கேட்டது. பிடியுங்கோ, அவளைப் பிடியுங்கோ என்று பார்சியில் கத்திக்கொண்டு வந்தாள். பழக்கடை வாசலில் நின்ற எலேனி என்கிற கிரேக்க அம்மாவுக்குப் பார்சி தெரியாது, ஆனால் ஒருத்தி போத்தலோடு ஓட இன்னொருத்தி துரத்துவதைப் பார்த்தால் யாருக்கும் விளங்கும்தானே. ஒரே பிடியில் என் பின்னலைப் பிடித்துவிட்டார். என்ன எடுத்தாய் என்று கேட்டார். என் இங்கிலீசு முழுக்க ரயிலிலேயே முடிந்துவிட்டது. நஸ்ரீன் கொதிக்கிற தாரில் கால் மாற்றிக் கால் மாற்றித் துள்ளிக்கொண்டு வந்தாள், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இவள் ஒன்றும் எடுக்கவில்லை, எனக்குப் பனி தந்தாள் என்று கையை விரித்துக் காட்டினாள். கையில் தண்ணீர்தான் இருந்தது. எலேனி அம்மா அந்தக் கையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார், வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று சொல்லிக் கடைக்குள் இழுத்து இருத்தி சிவப்பாகத் தண்ணீர் சொட்டச் சொட்ட ஆளுக்கொரு துண்டு வத்தகைப் பழம் வெட்டித் தந்தார். நஸ்ரீன் தன் உள்ளங்காலில் ஒட்டியிருந்த தாரை விரலால் தொட்டு என் கன்னத்தில் ஒரு கோடு இழுத்தாள். அம்மா தேசிக்காய் போட்டுத் தேய்த்தும் இரண்டு நாள் அது போகவில்லை.

பிறகு அவளுடைய படியில் இருந்து கதைத்தோம். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். ஆவணிப் பரீட்சையில் இரண்டு பாடம் போய்விட்டது. பாடம் தெரியும், கேள்வியின் இங்கிலீசு விளங்குவதற்குள் நேரம் முடிந்துவிடும். புரட்டாதியில் படிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இந்த ஆடியில் திரும்ப எழுதலாம், அதற்குப் பள்ளியிலிருந்து கடிதம் வைத்திருக்கிறாள். அதுவரைக்கும் ஜீன்ஸ் தைக்கிற தொழிற்சாலையில் பொக்கற் தைக்கிறாள், நீலம் அதுதான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தாளை எடுத்து, அன்புள்ள அம்மா என்று எழுதுவாளாம். அதற்கு மேல் எழுதினால் படிக்கிறேன் என்று எழுத வேண்டும். நான் பொய் எழுதேல்லை மணி ஜான், எழுதாமல்தான் விட்டனான் என்றாள், எப்போதும் போல என்னை ஜான், கண்ணே, என்று கூப்பிட்டு. உண்மையை எழுதினால் தகப்பன் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்றாள். எழுதாவிட்டாலும் வரப்போகிறார் என்று நான் பங்குனி இருபத்தொன்றைச் சொன்னேன். அவளுக்கு அது தெரியாது. அவளுக்குப் போக விருப்பமில்லை அண்ணா. கான்சாரில் அவள் படித்து வந்து அந்த ஊர் ஆஸ்பத்திரியில் நிற்பாள் என்று சொக்ரா கானும் வரை சொல்லிவைத்திருக்கிறார்கள், வெறுங்கையோடு அந்த ஒழுங்கையில் எப்படி நடப்பது என்று கேட்டாள். நான் பள்ளிக்கூடம் விட்டு நாலு வருசம், எனக்கும் வீட்டிலை மூண்டு நேரமும் சோறு போடுகினம் என்றேன். வத்தகை விதையை எடுத்து என்மேல் எறிந்தாள்.

விருந்து நேற்று நடந்தது. யார் கொடுக்க வேண்டும் என்று இரண்டு கிழமையாக வீட்டில் ஒரே வாக்குவாதம். மஹீன் கானுமின் சீட்டை அம்மா கையில் வாங்கினார், ஆகையால் அம்மா. ஆனால் நான் கொண்டுபோனதை நஸ்ரீன் கையில் வாங்கினாள், ஆகையால் நஸ்ரீன். ஆனால் நான் பிடிபட்டேன், ஆகையால் மறுபடி அம்மா. ஆனால் பிடித்தது எலேனி, அவருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம். அப்பா கடைசியில் ரஹ்மத் ஆகா மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, விருந்து எங்கள் வீட்டில், பழம் எலேனி, சாப்பிடுவது எல்லாரும் என்று தீர்ப்புச் சொன்னார். எலேனி அம்மா உண்மையிலேயே இரண்டு பெரிய வத்தகைப் பழத்தோடு வந்தார். அடுத்த வீட்டுக் கிருஷ்ணசாமி அங்கிளும் வந்தார், மதுரைக்காரர், ரயில்வேயில் வேலை, நீ அவரைக் கண்டதில்லை, ஆனால் நாங்கள் அவரைப் பற்றி எழுதியிருக்கிறோம். நேற்றும் வெயில் முப்பத்தெட்டு. ஆனால் கோர்சி இல்லாமல் என்ன பனி விருந்து என்று அப்பா சொல்லிவிட்டார். நம்பமாட்டாய் அண்ணா, சாப்பாட்டு மேசையின் காலை வாளால் அறுத்துக் குட்டையாக்கிவிட்டார், அம்மா பார்த்துக்கொண்டு நின்றும் ஒன்றும் சொல்லவில்லை. அடியில் தணலுக்குப் பதிலாகப் பெரிய சருவத்தில் ஐஸ் கட்டி, மேலே எங்களுடைய கான்சார்ப் போர்வை. எல்லோரும் சுற்றி இருந்து காலை உள்ளே விட்டோம். கிருஷ்ணசாமி அங்கிள் முதலில் தயங்கினார், இந்த வெயில்ல போர்வையா, நான் வேணா ஓரமா உக்காந்துக்கறேன் என்றார். காலை விட்டதும் கண்ணை மூடிக்கொண்டு, ஆமா, இது சரியான சம்பிரதாயம்தான் என்றார். பிறகு அவரை வெளியே எடுக்க முடியவில்லை.

சுவரோரம் முதுகுக்குச் சாய்மணை போட்ட இடத்தில் அம்மா ஒருவரையும் இருக்க விடவில்லை. நஸ்ரீன் வந்ததும், இது உன்ரை அம்மாவின்ரை இடம், இண்டைக்கு அவவுக்காக நீ சாப்பிட வேணும் என்று இருத்தினார். அதை நான் பார்சியில் சொன்னேன். அந்த ஊரில் மூன்று தரம் வேண்டாம் என்று சொல்லாமல் ஒருவரும் வாயில் வைக்கமாட்டார்கள், உனக்குத் தெரியும்தானே. அம்மா ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் மடித்து எண்ணிக்கொண்டே கேட்டு, நாலாம் தரம் கேட்காமலே தட்டில் வைத்தார். சோறு, கத்தரிக்காய்க் கறி, வடை, நஸ்ரீன் கொண்டுவந்த தயிரும் புதினாவும். அம்மாவின் கையில் எண்ணெய் தெறித்தது இரண்டாவது முறை வடை போடும்போது, நஸ்ரீன்தான் ஓடிப்போய்ச் சருவத்து ஐஸை எடுத்துக் கையில் வைத்து, துணியும் சுற்றிவிட்டாள். எவ்வளவு சரியாகச் சுற்றினாள் என்று அப்பா மட்டுமில்லை, எலேனி அம்மாவும் பார்த்தார். இரண்டு பாடம் போனால் என்ன, இந்தக் கட்டு அவிழுதோ பார் என்று அம்மா கையைத் தூக்கிக் காட்டினார். அதைத்தான் நேற்று முழுக்க எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

நஸ்ரீனை இரவு தங்கவைத்துவிட்டு, மற்றவர்கள் போன பிறகு, உனக்கு எழுத நான் தாளை எடுத்தேன். எனக்கும் ஒன்று தா என்றாள் நஸ்ரீன். ஐஸ் எல்லாம் கரைந்து தண்ணீரான பிறகும் காலை அதற்குள்ளேயே வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் நிறைய எழுதினாள். பரீட்சை, தொழிற்சாலை, ஆடி மாதம், எல்லாம் எழுதிவிட்டேன் என்றாள். பிறகு மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். இதை அப்பா வாசித்தால் புது வருடம் வரைக்கும் நிற்கமாட்டார், அடுத்த விமானத்திலேயே வந்துவிடுவார் என்கிறாள். இன்று விடிந்து பின்னேரமாகிவிட்டது, கைப்பை இன்னும் அவளுடைய மடியில்தான் இருக்கிறது. நாளை காலை ஏழு மணிக்கு அவளுக்கு வேலை, இன்று ஐந்து மணி ரயிலுக்கு அப்பா கொண்டுபோய் விடப்போகிறார். கேட்டுப் பறிக்கிற கடிதம் எனக்கு வேண்டாம், தந்தால் தரட்டும் என்று அம்மா சொல்லிவிட்டார்.

இனி அம்மா சொல்வதை அப்படியே எழுதுகிறேன். வரதன், நஸ்ரீனின் கடிதம் இதற்குள் இருந்தால், அதை முதலில் மஹீனின் கையில் கொடு. ரஹ்மத் ஆகா தேனீப் பெட்டிப் பக்கம் போன நேரம் பார்த்துக் கொடு. அவ அழுது முடியும் மட்டும் நீ எழும்பி வராதே, பக்கத்திலேயே இரு. கடிதம் இல்லாவிட்டால், உன் மகள் எங்கள் வீட்டில் உன் இடத்தில் இருந்து நாலு வடை சாப்பிட்டாள் என்று மட்டும் சொல், அது அவ கேட்ட ஒரு வரி. பரீட்சைக் கதை உன் வாயால் வரக் கூடாது. அது அவளுடைய கதை, அவள்தான் சொல்ல வேணும். ரஹ்மத் ஆகாவிடம் நான் சொன்னதாகச் சொல், எங்கள் பின்னறையைத் துப்புரவாக்கி வைத்திருக்கிறம், அவள் மாசி முடிந்ததும் இங்கேயே வந்து இருக்கப் போகிறாள், தொழிற்சாலைக்கு ரயிலில் போய்வரலாம், ஆடி வரைக்கும் பின்னேரத்தில் அப்பா அவளுக்குக் கேள்வித்தாள் வாசித்துக் காட்டுவார். ஒரு பிள்ளை தனிய இருக்கிறாள் என்றால்தானே தகப்பனுக்குக் கூட்டிக்கொண்டு போகத் தோன்றும். அவள் தனிய இல்லை என்று சொல். அவர் வாதாடுவார். அந்தப் பழைய வழக்கில் அவருடைய தீர்ப்பை நான் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டனான், இந்த ஒரு தரம் என்னுடைய தீர்ப்பை அவர் ஏற்கட்டும் என்று சொல். உனக்கு இருமல் இன்னும் இருக்கிறது என்று உன் எழுத்திலேயே தெரிகிறது, அந்த ஊர்த் தேனும் மிளகும் இராத்திரியில் குடி. கூரையில் பனி தள்ளப் போனால் விளிம்புக்குப் போகாதே. மேசையின் காலை அப்பா அறுத்ததை நான் பேசவில்லை என்று மணி எழுதியிருக்கிறாள், நேற்றுப் பேசவில்லை, இன்று பேசினேன்.

நீ எங்கே நின்றாலும் உன் காலடி வழுக்காமல் இருக்க முருகன் துணை நிற்கட்டும். கையில் எதைத் தந்தாலும் பிரித்துப் பார்த்துவிட்டு உறைக்குள் போடு, இதை மறக்காதே.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா
சத்தியபாமா இரத்தினசிங்கம்

அண்ணா, இது நான். அம்மா கையெழுத்துக்குப் பதிலாக இடது கையால் ஒரு கோடு போட்டுவிட்டு முகம் கழுவப் போய்விட்டார். நாலரை மணி ஆகிறது. நஸ்ரீன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு குசினிக்குள் வந்து, என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டாள். நான் ஒன்றையும் விடாமல் அவளுக்குப் பார்சியில் வாசித்துக் காட்டினேன். நின்றபடியே கேட்டாள். தார் வருகிற இடத்தில் சிரித்தாள். பரீட்சை வருகிற இடத்தில் நிறுத்து என்றாள், பிறகு வாசி என்றாள். அம்மா ரஹ்மத் ஆகாவுக்குச் சொன்னதை வாசித்தபோது, அதைத் திரும்ப வாசி என்றாள், இரண்டு தரம் வாசித்தேன். வெளியில் அப்பா காரை முடுக்கிவிட்டார். அவள் கைப்பையைத் திறந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்தாள். ரயில் ஏறினால் எனக்கு மனம் மாறிவிடும், இப்பவே ஒட்டு என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் காருக்குப் போய்விட்டாள்.

நான் அதைப் பிரித்து வாசிக்கவில்லை. இந்தத் தாள்களுக்கு நடுவில் வைத்து மடித்தேன்.